ஏழாம் இடத்து விரல்

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கேன்டீனுக்கு இறங்கும் படிகள் பன்னிரண்டு. ஆறு வருடமாக இங்கே நர்ஸாக இருந்து இறங்குகிறவளுக்குத் தெரியாதா? இன்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இறங்கியதில் பதின்மூன்று வந்தது. கடைசிப் படியில் நின்று கையைப் பார்த்தாள். விரல்கள் தாமாகவே ஒவ்வொன்றாக மடங்கியிருந்தன. முதலில் சிரிப்புத்தான் வந்தது. உடனே தங்கைக்குச் சொல்லவேண்டும் போலிருந்தது.

ஒன்றரை வருடமாக அவளும் தங்கையும் சேர்ந்து ஒரு தீவைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருந்தார்கள். தீவின் வரைபடம் தங்கையுடையது, அந்த ஊர் மக்களின் பேச்சு இவளுடையது. போன மாதம் அந்த மக்களுக்கு எண்கள் வேண்டியிருந்தன. அவர்கள் விரல்களை மடக்கி எண்ணுவார்கள். ஆறு வரை எண்ணியதும் அடுத்த விரலைச் சத்தமில்லாமல் மடக்குவார்கள். அந்த ஏழாம் இடம் எதிரே இருக்கும் எந்தப் பொருளுக்கும் அல்ல. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு. ஆகவே தரையில் ஏழு பானைகள் இருந்தால் அவர்கள் கணக்கில் எட்டு. தங்கைக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "அப்போ அந்த ஊர்ல யாருமே கணக்குல விட்டுப்போக மாட்டாங்க, இல்லக்கா?" என்றாள். எழுத்தில் இயல்பாக வரவேண்டும் என்று இவள் பஸ் ஜன்னல்களையும் கொடியில் காயும் துணிகளையும் அப்படியே எண்ணிப் பழகினாள். இதோ, உடம்பிலேயே ஊறிவிட்டது.

அப்போதுதான் சற்று முன் எண்ணிய இன்னொரு கணக்கு நினைவுக்கு வந்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன் முடிந்த ஆபரேஷன். ரத்தம் ஒற்றும் துணியை மாப் என்பார்கள். வயிற்றைத் திறக்கும் முன் எத்தனை, மூடும் முன் எத்தனை என்று இரண்டு நர்ஸுகள் வாய்விட்டு எண்ணவேண்டும். ஆரம்பத்தில் அப்படித்தான் எண்ணினார்கள்; போர்டில் பதினைந்து என்று எழுதினார்கள். முடிவில் சீனியர் அக்கா ரத்த வங்கியோடு போனில் இருந்தாள். டாக்டர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நர்ஸுகள் அவருக்கு வைத்த பெயரே கடிகாரம். இவள் தனியாக, மாஸ்குக்குள், மனதுக்குள் எண்ணினாள். "பதினஞ்சு, சரி" என்றாள். வயிற்றைத் தைத்துவிட்டார்கள்.

பதினாறு வந்திருந்தால் அங்கேயே விழித்திருப்பாள். பதினைந்து வந்ததுதான் பயம்; படிகளைப் போலவே எண்ணியிருந்தால் ஒன்று குறைகிறது.

படிகளை எண்ணாமல் மேலே ஓடினாள்.

"என்னடி, பேயப் பாத்த மாதிரி வர்ற?" என்றாள் சீனியர் அக்கா.

"அக்கா, மாப் போட்ட பை எங்க?"

"வண்டி வந்துச்சு, எடுத்துட்டுப் போயிட்டாங்க. இந்நேரம் சாம்பலாயிருக்கும். ஏன்?"

"நான் எண்ணினது தப்புன்னு தோணுது."

"போர்டுல பதினஞ்சு. நீ சொன்னதும் பதினஞ்சு. டீ குடிக்கலன்னா உனக்கு மூளை இப்படித்தான் ஓடும்." பிறகு இவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நல்லா யோசிச்சுக்கோ. சொல்லிட்டா திரும்ப வாங்க முடியாது."

யோசித்தாள். சொல்லாவிட்டால் இன்று ஒன்றும் ஆகாது. இன்னும் சில மாதங்களில் ஆபரேஷன் செய்துகொண்ட அந்த அம்மாவுக்கு வலி வரும், காய்ச்சல் வரும், வேறு யாரோ திறந்து பார்ப்பார்கள். சொன்னால் வேலை போகலாம். என்னவென்று சொல்வது? இல்லாத ஊர்க்காரர்களைப் போல எண்ணிவிட்டேன் என்றா? ஒருவேளை ஒழுங்காகவே எண்ணியிருக்கலாம். கண்ணை மூடி அந்த நிமிடத்துக்குள் திரும்பிப் போனாள். ஆறாவது மாப். பிறகு வலது கை விரல் ஒன்று மடங்கியதும், நனைந்த கையுறை அந்த மடிப்பில் ஒட்டிக்கொண்டு இழுத்ததும் ஞாபகம் வந்தது. மாப் எதையும் தொடாத விரல்.

டாக்டர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். இவள் மேசைக்கு எதிரே போய் நின்றாள். "பதினாலுதான் இருந்திருக்குமோன்னு பயமா இருக்கு சார்."

"பயமா இருக்கா, தெரியுமா?"

"விரல மடக்கினது தெரியும் சார்."

அவருக்குப் புரியவில்லை. முதல்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் இவளையே பார்த்தார். "எக்ஸ்ரே எடுக்கச் சொல்லு. அந்தம்மாகிட்ட நீயே சொல்லு."

அந்த அம்மா தையற்காரி. காலையில் மயக்க ஊசி போடும் முன்பு, "நான் போடற தையல்ல பாதி நேர்த்தியாப் போட்டாலும் போதும், மன்னிச்சு விட்டுடுறேன்" என்று எல்லாரையும் சிரிக்கவைத்தவள். இப்போது பாதி மயக்கத்தில், ஸ்ட்ரெச்சரை நகர்த்தியதும் கண்ணைத் திறந்தாள்.

"என்னம்மா, பிரிச்சுத் தைக்கணுமா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டாள். இவளால் சிரிக்க முடியவில்லை.

"தெரியலம்மா. துணி ஒண்ணு உள்ள இருக்கலாம். நான்தான் எண்ணினேன்."

அந்த அம்மா இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்துப்போன விரல்கள். எக்ஸ்ரே அறையிலும் விடவில்லை. அதனால் கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டு இவளும் உள்ளேயே நின்றாள். மாப்பில் ஒரு நூல் ஓடும். வயிற்றுக்குள் இருந்தால் படத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

"மூச்சப் பிடிச்சுக்கோங்க" என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டெக்னீஷியன். அந்த அம்மா பிடித்துக்கொண்டாள். இவளும். இயந்திரம் ஒருமுறை முனகி அடங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் மேலிருந்து கீழாக இறங்கியது. அவர் நாற்காலியிலிருந்து சற்று எழுந்து திரைக்கு அருகே குனிந்தார். மூச்சு விடலாம் என்று சொல்ல மறந்து, அப்படியே குனிந்து நின்றிருந்தார்.