மலைப் பக்கம், கோயில் பக்கம்

முன்னால் என்ன வருகிறது என்று பார்க்கும் ஆசையில்தான் வள்ளிக்கண்ணு அந்த இடத்தைக் கேட்டு வாங்கினாள்.

தை மாதம் காவிரி அடங்கி ஓடும்போது நடக்கும் வருஷாந்தரப் படகுப் போட்டியில் பெண்களுக்கும் ஒரு பந்தயம் உண்டு. நாலு பேர், ஆளுக்கு இரண்டு துடுப்பு, போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வலிக்க வேண்டும். ஐந்தாவது ஆள் மட்டும் அவர்களைப் பார்த்து உட்கார்ந்து வழி சொல்லலாம். அந்த ஐந்தாவது ஆள் எப்போதும் ஓர் ஆண்பிள்ளை. அது ஏன் என்று எல்லாரையும் கேட்டுப் பார்த்தாள் ஜீயபுரத்து வள்ளிக்கண்ணு டீச்சர். ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் போட்டி நடத்தும் படகு கிளப்பின் காரியதரிசி சவரிநாதன் ஒருவழியாக இறங்கி வந்தார்.

"நீங்களே உக்காருங்க டீச்சர். ஆனா படகு கரையில முட்டிச்சுன்னா, அடுத்த வருஷத்துலேருந்து பழையபடி ஆம்பளைதான்."

படகோ சுக்கான் இல்லாத கிழட்டுப் படகு. ஒரு பக்கத்துத் துடுப்பை அழுத்தி வலித்தால்தான் திரும்பும். வலது, இடது என்று சொல்லிப் பார்த்தாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்ததால் இவளுடைய வலது அவர்களுக்கு இடதாகி, முதல் நாளே நாணலுக்குள் போய்ச் செருகிக்கொண்டார்கள். அப்புறம்தான் அந்த யோசனை தோன்றியது. திருச்சிக் கரையில் மலைக்கோட்டை, ஸ்ரீரங்கத்துக் கரையில் கோயில். "மலை!" என்றால் மலைப் பக்கத்துத் துடுப்பு, "கோயில்!" என்றால் கோயில் பக்கத்துத் துடுப்பு. என்ன கெட்டிக்காரத்தனம் என்று ஐந்து பேரும் தங்களையே மெச்சிக்கொண்டார்கள்.

பயிற்சி எல்லாம் ஓட்டத்தோடு கிழக்கே போவதுதான். திரும்பும்போது படகைக் கயிறு கட்டிக் கரையோரமாக இழுத்து வந்துவிடுவார்கள். பந்தயமும் வழக்கமாக அப்படித்தான். அந்த வருஷம் பார்த்து, ஜனங்கள் முடிவையும் பார்க்கட்டும் என்று ஆற்று நடுவில் ஒரு பீப்பாயை மிதக்கவிட்டு, அதைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும் என்று வைத்துவிட்டார்கள்.

பீப்பாய் வரை இவர்கள் படகுதான் முதல். சுற்றியும் ஆயிற்று. ஸ்ரீரங்கத்துக் கரையில் போட்டிருந்த பந்தலும், முன்வரிசை சோபாவில் கலெக்டர் சம்சாரம் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாளின் மூக்குத்தியும் தெரிந்தது. இத்தனை கிட்டத்தில் அது தெரியக் கூடாதே என்று வள்ளிக்கண்ணுவுக்கு உறைத்தது.

"கோயில்! கோயில்!"

வலித்த நாலு பேரில் ஷரபுன்னிசாவும் ராசாத்தியும் நிமிர்ந்து கோயில் இருக்கும் பக்கத்தைப் பார்த்து அந்தத் துடுப்பை வலித்தார்கள். மற்ற இருவருக்கும் கோயில் என்றால் வலது கை என்று ஊறிப்போயிருந்தது. படகு திரும்பினால் கை மாறும், கோயில் மாறாது என்பதை ஐந்து பேரில் ஒருத்திகூட யோசித்திருக்கவில்லை. படகு உதறிக்கொண்டு பந்தலைப் பார்த்து நேராகப் பாய்ந்தது.

மலையும் இல்லை, கோயிலும் இல்லை. வீட்டில் பிள்ளைகளை அதட்டுகிற ஒரே வார்த்தைதான் வள்ளிக்கண்ணு வாயில் வந்தது.

"பீச்சாங்கை! எல்லாரும் பீச்சாங்கை!"

சோறு தின்னும் கை எது, கழுவும் கை எது என்பதில் யாருக்குக் குழப்பம் வரும்? நாலு இடது கைகளும் ஒன்றாக வலித்தன. படகு படித்துறையை ஒட்டி வளைந்தது. துடுப்புத் தண்ணீர் சோபாவரை தெறித்தது. கரை முழுக்கச் சிரித்து, அடுத்த இழுப்பிலிருந்து கூடவே கத்த ஆரம்பித்தது. "பீச்சாங்கை! பீச்சாங்கை!" சவரிநாதன் காதைப் பொத்திக்கொண்டார்.

மூன்று படகில் மூன்றாவதாக வந்து சேர்ந்தார்கள்.

"படகு முட்டுச்சா வள்ளி?" என்றாள் ஷரபுன்னிசா. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவளுக்கு எதுவும் தெரியாது.

வள்ளிக்கண்ணு கையை விரித்து ஒரு சாண் காட்டினாள்.

"யா அல்லா! நாங்க பாத்திருந்தா துடுப்பை விட்டுட்டுக் குதிச்சிருப்போம். நீ பாத்துக்கிட்டேதானே இருந்தே, உனக்குப் பயமில்லையா?"

அதைக் கேட்ட பிறகுதான் வள்ளிக்கண்ணுவுக்குப் பயமே வந்தது. அந்த நேரம் பார்த்து சவரிநாதன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"முட்டலை. நானும் பாத்தேன். சொன்ன சொல் சொன்னதுதான். அடுத்த வருஷம் உங்கள்ல யாரு அந்த எடத்துல உக்காரப் போறீங்க?"

நாலு பேரும் ஆற்றைப் பார்த்தார்கள். வள்ளிக்கண்ணு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான்தான் சார்."