தரையில் படுத்திருக்கும் சாமி

"அப்படின்னா, இவளை யாரும் அடிக்கல?"

வக்கீல் அர்த்தனாரியின் குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது.

"இல்லீங்க," என்றான் செங்கோடன். "கிட்டயே வரமாட்டேங்கறாங்க. அதுதானுங்க சங்கடம்."

அவன் மனைவி மாராயி, பெஞ்சைக் காட்டியும் உட்காராமல், மடியில் குழந்தையோடு தரையில் இருந்தாள். கொல்லிமலைத் தேவனூர் நாட்டிலிருந்து காலையில்தான் சேந்தமங்கலத்துக்கு இறங்கியிருந்தார்கள்.

செங்கோடன் நடந்ததைச் சொன்னான். தலைப்பிரசவத்தில் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. டோலி கட்டி இவளை ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். அங்கே இரும்புக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவர்கள் ஊரில் யாரும் கட்டிலில் படுப்பதில்லை. சாமி தரையில் படுத்திருக்கிறது. அதைவிட உயரத்தில் மனிதன் உடம்பை நீட்டக் கூடாது. இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஊற்றடியில் பெண்களிடம், மெத்தை பஞ்சு மாதிரி இருந்தது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

ஊர்க்கவுண்டர் பொங்கியண்ணன் நெருப்பும் தண்ணீரும் கிடையாது என்று விதித்தார். இப்போது யார் வீட்டு அடுப்பிலிருந்தும் இவளுக்குத் தணல் இல்லை. தண்ணீருக்குக் காட்டோடை. எதிரே வருகிறவர்கள், "கட்டில்காரி வாரா, வழி விடுங்க" என்று ஒதுங்குகிறார்கள். பிள்ளைக்குப் பேர் வைக்கப் பூசாரியும் வரவில்லை.

வக்கீல் தடித்த புத்தகத்தைப் புரட்டினார். "வெள்ளைக்காரன் சட்டத்துல கட்டில்ல படுக்கறது குத்தமில்ல, செங்கோடா. தணல் தராததும் குத்தமில்ல."

திரும்பச் சேர வழியே இல்லையா என்று கேட்டார். இருந்தது. கோயில் முன்னால் நின்று, செய்தது தப்பு என்று மாராயி சொல்ல வேண்டும். பூசாரி தங்கக் கம்பியைக் காய்ச்சி நாக்கில் வைப்பார். அவ்வளவுதான்.

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வைக்கட்டும். காயம்னு ஒண்ணு இருந்தா, மறுநாளே அத்தனை பேரையும் கோர்ட்டுல நிறுத்திடறேன்."

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குக் கேஸ் வேண்டாம், ஊர் வேண்டும். நாக்குப் புண் நாலு நாளில் ஆறிவிடும் என்றுதான் மலை இறங்கும் வழியெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டு வந்தான்.

"சூட்டுக்குப் பயமில்லீங்க," என்றாள் மாராயி. "தப்புன்னு எப்படீங்க சொல்றது? நான் படுத்தது தப்புன்னா, இவன் பொழச்சதும் தப்புங்களே."

ஜன்னலுக்கு வெளியே மலை, வரையத் தொடங்கிய யாரோ பாதியில் எழுந்து போய்விட்டதுபோல, மேகத்துக்குக் கீழே மட்டும் தெரிந்தது. வக்கீல் புத்தகத்தை மூடினார்.

மாராயி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, மேஜைக்கு அருகில் வந்தாள்.

"ஏனுங்க, நீங்க சட்டம் படிச்சவங்க. உங்க பேச்சுக்கு எங்க கவுண்டர் கட்டுப்படுவாருங்க. ஒரு நாளு மேல வந்து, எங்க கோயிலு முன்னால நின்னு, இவ செஞ்சது தப்பில்லைன்னு சாமிகிட்டச் சொல்லுவீங்களா?"