பாதி மாத்திரை

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற மனிதர் வேறு எதை வரைவார்? லிஃப்டைத்தான் வரைந்தார். பாதி திறந்த கதவு, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன பெட்டி, மேலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் இருட்டுப் பள்ளம், அதில் தொங்கும் எண்ணெய்ப் பிசுக்குக் கம்பிகள். முதலில் பழைய காலண்டர்களின் முதுகில், பிறகு அட்டைப்பெட்டிகளில், பிறகு குளியலறைச் சுவரில். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ" என்பார்; அந்த "இதோ" சாயங்காலம் வரை நீளும். மனைவிக்குத் தையல் தொழில், வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே ஒரு வெள்ளைத் துணியை நம்பி வெளியே வைக்க முடியாத நிலை வந்துவிட்டது.

முன்பெல்லாம் அவர் பென்சிலைத் தொட்டவரே இல்லை. நடுக்கவாதம் வந்து கை ஆடத் தொடங்கியதும் நரம்பியல் டாக்டரம்மா ஒரு மாத்திரை கொடுத்தார். நடுக்கம் அடங்கியது, ஆசை கிளம்பியது. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் பார்த்திராத சரக்கு அது. எந்தச் சட்டை வேண்டும் என்றால் "எதுவானாலும் சரி" என்பார், எங்கே போகலாம் என்றால் "உன் இஷ்டம்" என்பார். அப்பேர்ப்பட்டவர் இப்போது நீல வர்ணம் தீர்ந்துபோனால் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

படங்கள் நன்றாக இருந்ததுதான் பெரிய இம்சை. கண்றாவியாக இருந்திருந்தால் ஒரே அதட்டலில் நிறுத்தியிருப்பாள். கத்தரிக்கோலும் கையுமாக நின்று பார்ப்பாள். அந்தப் பள்ளத்தைப் பார்க்கும்போது தன்னையறியாமல் ஓரடி பின்னால் நகர்வாள். ஆனால் மனிதர் தூங்குவதே இல்லை. ஒருநாள், பல் டாக்டர் கோட்டு தைக்கக் கொடுத்திருந்த துணி முழுக்க லிஃப்ட் ஏறி இறங்கியிருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினாள். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், பிறகு ஓரத்தில் விட்டுப்போயிருந்த ஒரு கம்பியை வரைந்து முடித்தார்.

மறுபரிசோதனைக்குப் போன அன்று, டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தபோது அவள் பக்கம் சாய்ந்தார்.

"ராத்திரி தூங்குறேன்னு மட்டும் சொல்லிடு. வேற எதுவும் சொல்ல வேணாம்."

தனக்கென்று அவர் அவளிடம் கேட்ட முதல் விஷயம் அது. தலையாட்டினாள்.

உள்ளே டாக்டரம்மா வழக்கம்போல் ஒரு தாளை நீட்டி, நடுவில் தொடங்கிச் சுழித்துக்கொண்டே வெளியே வரும் சுருள் ஒன்று போடச் சொன்னார். நடுக்கத்தைப் பார்க்க அதுதான் சோதனை. முதல் தடவை அந்தக் கோடு பிரித்தெடுத்த நூலாக நெளிந்திருந்தது; இப்போது வழவழவென்று வந்தது. டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். தூக்கம் எப்படி, புதுப் பழக்கம் ஏதாவது உண்டா என்று கேள்வி மனைவி பக்கம் திரும்பியது. அழுத்தியும் அடங்காமல் அவர் கட்டைவிரல் நாற்காலி விளிம்பில் கோடு இழுத்துக்கொண்டிருந்தது. கண்கள் குழிக்குள் கிடந்தன. மனிதர் இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம் பிடித்தது. மென்று விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மூளையில் டோபமின் என்ற ரசாயனம் குறைந்ததால்தான் கை நடுங்கியது என்றார் டாக்டரம்மா. அதன் வேலையைச் செய்யும் மாத்திரை சிலருக்கு அடங்காத தவிப்பையும் சேர்த்துத் தட்டி எழுப்பிவிடுமாம். சிலர் சூதாடுவார்கள், சிலர் கண்டதையும் வாங்கிக் குவிப்பார்கள், சிலர் வரைவார்கள்.

"அப்ப இதெல்லாம் அவர் போட்ட படமா, மாத்திரை போட்ட படமா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அவசரம் மாத்திரையோடதும்மா. படம் அவரோடது. வேற யாருக்கு இதக் குடுத்தாலும் அந்த லிஃப்ட் வராது."

அளவைக் குறைத்தால் அவசரத்தோடு படமும் போகலாம், போகாமலும் இருக்கலாம், முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். என்ன செய்யலாம் என்று அவரையே கேட்டார்.

"அவ இஷ்டம்," என்றார் அவர்.

"குறைச்சிடுங்க," என்றாள் அவள்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். திட்டவில்லை.

மாத்திரை படிப்படியாகப் பாதியானது. அவர் தூங்கினார், கன்னத்தில் சதை வைத்தது, கூப்பிட்ட குரலுக்குச் சாப்பிட வந்தார். தூரிகைகள் டப்பாவில் காய்ந்து விறைத்தன. வீடு அடங்கிய பிறகு இருப்புக்கொள்ளாமல் போனது அவளுக்குத்தான். தைத்துக்கொண்டே இருப்பாள், எழுந்து ஜன்னலுக்குப் போவாள், திரும்பி வந்து ஊசியில் நூல் கோக்காமலே மெஷினை மிதிப்பாள். குளியலறைச் சுவரில் அரைகுறையாக நின்ற லிஃப்ட் கதவைத் துடைக்க ஈரத்துணியோடு போய், துடைக்காமல் வருவாள். செய்தது நல்லதுதான் என்று சொல்லிக்கொள்வாள். பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே.

ஒரு காலை, பொறுக்கமாட்டாமல், அலமாரியிலிருந்து நல்ல வெள்ளைத் துணியாகப் பார்த்து எடுத்து அவர் முன்னால் மேஜையில் விரித்தாள். நீல வர்ணமும் புதுத் தூரிகையும் வாங்கி வைத்திருந்தாள்.

அவர் துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "யாரோடது இது? அழுக்காயிடப் போகுது." பக்குவமாக மடிக்கத் தொடங்கினார்.

"அழுக்கானா ஆகட்டும். உங்களுக்குத்தான். எது தோணுதோ போடுங்க." தூரிகையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவளுக்கு என்னவோ வேண்டியிருக்கிறது என்று மட்டும் புரிந்திருக்க வேண்டும். மடித்ததைப் பிரித்தார், தூரிகையை நீலத்தில் தோய்த்தார். துணியின் நடுவில் தூரிகையை வைத்து, சுழித்துக்கொண்டே வெளியே வந்தார். லேசாக நடுங்கும் ஒரே கோடு, பொறுமையாக, விளிம்பு வரைக்கும். பிறகு தூரிகையைத் துடைத்து வைத்தார்.

"பரவாயில்லையா?" என்று கேட்டார். "டாக்டரம்மாகிட்ட காட்டலாமா?"