சுவருக்கு அப்பால் சகலை

கொக்கியில் தொங்கிய ஜெனரேட்டர் பாதி எழும்பிய சுவருக்குப் பின்னால் இறங்கி மறைவதுவரை, கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்தவருக்கு எல்லாம் தெரிந்தது. அதற்குக் கீழே நடப்பதைச் சகலை வாக்கிடாக்கியில் சொன்னால்தான் உண்டு.

"இறக்குங்க."

அந்த 'ங்க' அவரைச் சுருக்கென்று தைத்தது. போன வாரம்வரை "இறக்குண்ணே, பூ மாதிரி இறக்கு, தூங்குற புள்ளைய எழுப்பிராதே" என்று வாய் ஓயாமல் பேசியே இறக்கவைத்தவன். அக்காவைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவன் அவன். இந்த வேலைக்கு அவனைக் கூட்டிவந்ததும் இவர்தான்.

எல்லாம் டீ குடிக்கும் இடத்தில் தொடங்கியது. வேலையிடத்தில் இவருக்குக் கழுகு என்று பெயர். "கழுகுக்கு இப்பல்லாம் சொந்தப் பொண்டாட்டியே அடையாளம் தெரியல. என் வீட்டுக்காரியப் பார்த்து ஏன்டி லேட்டுன்னு கேக்குறாரு!" என்றான் சகலை. எல்லாரும் சிரித்தார்கள். கழுகும் சிரித்தார். சாயங்காலமே இன்ஜினியர் கூப்பிட்டுக் கண்ணைப் பற்றி விசாரித்தார். டாக்டர் பார்த்துக் கோளாறு ஒன்றுமில்லை என்றார். டாக்டர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. "இனி ஒரு தப்பு நடந்தாலும் கூண்டுல வேற ஆளு" என்றார் இன்ஜினியர்.

கழுகு நேராகச் சகலை வீட்டு வாசலுக்குப் போய், அக்கம்பக்கம் கேட்கக் கத்தினார். "என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியேடா! சோறு போட்டவன் கையக் கடிக்கிற நாயி!"

"விளையாட்டாச் சொன்னேன். அதுக்கு இப்படியா?" அவன் முகம் கறுத்துவிட்டது. "இனிமே வாடா போடான்னு பேசாதீங்க."

அதன்பிறகு அக்காவும் தங்கையும், இருவரின் புருஷன்மாரும் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

"இறக்குங்க... இறக்குங்க..."

எடை காட்டும் முள் சட்டென்று சரிந்தது. கம்பிவடம் தொய்ந்தது. எதன்மேலோ இடித்துவிட்டது. கழுகின் கை தானாகவே லீவரைப் பிடித்து நிறுத்தியது. அதற்கும் பிறகுதான் குரல் வந்தது.

"நிறுத்துங்க!"

கீழே ஓடினார்கள், கத்தினார்கள். ஜெனரேட்டரின் ஒரு பக்கம் நசுங்கிவிட்டதாக வாக்கிடாக்கியில் யாரோ சொன்னார். இன்ஜினியர் கட்டடத்தின் மறுபக்கம், கலவை மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அந்த இரைச்சலில் இடித்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. வாக்கிடாக்கியில் வந்தது மட்டும் கேட்டிருக்கிறது.

"நிறுத்துன்னு அவன் சொன்னது எனக்கே கேட்டுச்சு. கண்ணுதான்னு நெனச்சேன், காதும் போயிருச்சா பெருசு?" என்று இன்ஜினியர் வாக்கிடாக்கியில் கத்தினார்.

"சார், இடிச்ச பிறகுதான் சொன்னான்."

"நீங்க ரெண்டு பேரும் சண்டைன்னு ஊருக்கே தெரியும். பழிய அவன் தலையில கட்டுறியா? டேய், நீ சொல்லுடா. இடிக்கிறதுக்கு முன்னாடி சொன்னியா, பின்னாடியா?"

வேண்டுமென்றே தாமதித்தானா, அசந்துபோனானா என்று கழுகுக்குத் தெரியவில்லை. அவன் உண்மையைச் சொன்னால் அவன் வேலை போகும், பொய் சொன்னால் இவர் வேலை போகும். அதுமட்டும் இருவருக்கும் தெரியும்.

கரகரவென்றது வாக்கிடாக்கி. சகலை பொத்தானை அழுத்திவிட்டான். ஒருவன் அழுத்திப் பிடித்திருக்கும்வரை மற்றவர்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. வெகு கீழே, இன்ஜினியர் தன் கருவியை வாயில் வைத்துக் கையை வீசிக் கத்துவது சின்னதாகத் தெரிந்தது.

கேட்டதெல்லாம் சுவருக்கு அப்பால் அடித்த காற்றும் அவனுடைய மூச்சும்தான். கழுகு ஒலியைக் கூட்டினார். மூச்சு கூண்டு முழுக்க நிறைந்தது.