மூன்று நிமிடக் கடிகாரம்

ஆர்லன் டோஸ்ட்ரட் முப்பத்து நான்கு வருடம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலச் சாலைகளுக்குச் சரிவும் வளைவும் வரைந்து ஓய்வு பெற்ற பொறியாளர். ஓய்வு பெற்ற மூன்றாவது வாரமே சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி வைத்தார். அவர் மனைவி மார்வாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"பள்ளிக்கூட பஸ்ல துணைக்குப் போக ஆள் தேடுறாங்களாம். போயேன் ஆர்லன், புண்ணியமாப் போகும். காப்பிப் பொடியத் தேடியே என் காலம் முடிஞ்சுடும் போல."

சம்பளமில்லாத வேலை. காலை ஆறரைக்கு ஒன்பதாம் எண் பேருந்தில் ஏறி, குழந்தைகளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். சிக்கிக்கொண்ட கோட்டு ஜிப்பை இழுத்துவிட வேண்டும். காணாமல் போன ஒற்றைக் கையுறையைத் தேட வேண்டும். வாழ்நாளெல்லாம் தாரோடும் ஜல்லியோடும் பழகிய மனிதருக்கு இது பிடித்துப்போனது. அவருக்கே ஆச்சரியம்.

பிடிக்காதது ஒன்றுதான். நைகார்ட் மேட்டு உச்சியைத் தாண்டியதும் ஒரு நிறுத்தம். பின்னால் வரும் பால் லாரிக்காரனுக்கு, மேடேறி முடிக்கும்வரை பேருந்து நிற்பது தெரியாது. தெரிந்தபின் பிரேக்கை மிதித்துப் பயனில்லை. ஆர்லன் தூரத்தை அளந்து, படம் வரைந்து, ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியத்தின் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஊர்க்காரர் யாரும் பேசலாம், மூன்றே நிமிடம். முட்டை வேகவைக்கும் கடிகாரம் ஒன்று மேசையில் இருக்கும். அது மணியடித்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்த வேண்டும். பேசியவருக்கு உறுப்பினர்கள் ஒரு வார்த்தை பதில் சொல்லக் கூடாது, அது விதி. தலைவி ஜெனீவா கிராஸ் "நன்றி. அடுத்தவர்" என்பார். ஐந்து மாதம் ஆர்லன் போனார். ஐந்து முறையும் அவர் பேச்சில் லாரி மேடேறும் முன் மணி அடித்துவிட்டது.

"சுவத்துக்கிட்ட பேசினாலாவது எதிரொலி வரும்" என்று வீட்டில் கத்தினார்.

"அப்ப அந்தப் பக்கம் போய் உக்காரு. ஏப்ரல்ல தேர்தல் வருதுல்ல" என்றாள் மார்வா.

நாற்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். கூட்டத்துக்குக் கூட்டம் முழ உயரக் காகிதம் படிக்க வேண்டியிருந்ததால் பேருந்துக்குப் போவது நின்றது. ஆகஸ்டில் புதிய வழித்தடத்தை அவரே வரைந்தார். மேட்டு நிறுத்தம் கீழே தேவாலய வாசலுக்கு இறங்கியது. அன்று ஆர்லனுக்குத் தலைகால் புரியவில்லை. புது உறுப்பினர் என்பதால், வழக்கப்படி கடிகாரமும் அவர் கைக்கு வந்தது.

நவம்பர் கூட்டத்தில் தனேல் பிர்க் என்ற பெண் எழுந்தாள். பாலாடைக்கட்டி ஆலையில் இரவு வேலை; போகிற வழியில் வந்திருந்தாள், தலையில் வலைத்தொப்பி.

"மேட்டு மேல டிரெய்லர் வீட்டுல இருக்கோம். என் பொண்ணு ஐவிக்கு ஆறு வயசு, இந்த வருஷந்தான் பள்ளிக்கூடம் சேந்தா. முன்னெல்லாம் பஸ்ஸு எங்க சந்து முனையில நிக்குமாம். இப்ப அவ தேவாலயம் வரைக்கும் இறங்கி நடக்குறா. நான் வேல முடிஞ்சு வர ஏழாயிடும், வீட்டுல இருக்குற பாட்டியால அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஓரத்துல பனியத் தள்ளிக் குவிச்சிருக்காங்க, புள்ள ரோட்டுலதான் நடக்கணும். பால் லாரி வர்ற ரோடு அது. இந்தப் படத்த வரைஞ்சவரு ஒருநாளாவது அங்க வந்து—"

மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சுடுச்சும்மா" என்று ஆர்லன்தான் சொல்ல வேண்டியிருந்தது. தனேல் அவரையே பார்த்தாள். போன வருடப் பிள்ளைகளின் பட்டியலை வைத்து அவர் படம் வரைந்திருந்தார். அதில் ஐவி இல்லை. பதில் சொல்ல விதி இடம் தரவில்லை. வெட்கத்தில் அவர் காது சுட்டது.

மறுநாள் ஆறரைக்குத் தனேலின் சந்து முனையில் நின்றார், நெடுஞ்சாலைத் துறையின் பழைய ஆரஞ்சு மேலங்கியோடு. தனேல் ஆலையிலிருந்து தொலைபேசியில் சரி என்றபின்தான் ஐவி கதவைத் திறந்தாள். இருவரும் இறங்கினார்கள். பாதி வழியில் ஒரு லாரி ஒட்டினாற்போல் போனது. ஆர்லன் குழந்தையைப் பனிக்குவியல் பக்கம் இழுத்துக்கொண்டார். நிற்கும் பேருந்துக்கு முப்பத்து நான்கு வருட அனுபவத்தோடு கணக்குப் போட்டவர், நடக்கும் குழந்தைக்குப் போடவில்லை. அன்றிலிருந்து தினமும் வந்தார்.

டிசம்பர் கூட்டம் தொடங்கும்போது கடிகாரத்தை ஜெனீவாவிடம் கொடுத்துவிட்டு, பேச விரும்புவோர் சீட்டு ஒன்றை எழுதி நீட்டினார்.

"நீங்க உறுப்பினரு. மேசையிலருந்தே பேசலாமே, வழித்தடம் இன்னைக்கு விவாதத்துலயே இருக்கு" என்றார் ஜெனீவா.

"இத அங்க நின்னுதாங்க சொல்லணும்."

இறங்கிப்போய் ஒலிபெருக்கி முன் நின்றார்.

"என் பேரு ஆர்லன் டோஸ்ட்ரட். வழித்தடத்த வரைஞ்சவன் நான். தப்பு பண்ணிட்டேன். ஆறு வயசுக் கொழந்தைய லாரி ரோட்டுல நடக்க விட்டுட்டேன். பஸ்ஸு சந்துக்குள்ளயே போய்த் திரும்பலாம், நானும் டிரைவரும் ஓட்டிப் பாத்தோம். நாலு நிமிஷம் கூட ஆகும். அவ்வளவுதான்."

மேசையிலிருந்த நாலு பேரும் விதிப்படி வாய் திறக்கவில்லை. கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நன்றி. அடுத்தவர், தனேல் பிர்க்" என்றார் ஜெனீவா.

தனேல் எழுந்தாள். கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தாள்.

"நான் சொல்ல வந்தத அவரே சொல்லிட்டாரு" என்று உட்கார்ந்துவிட்டாள்.

வாக்கெடுப்பில் ஐந்து பேரும் ஆம் என்றார்கள். மறுநாள் ஆறரைக்கும் ஆர்லன் சந்து முனையில்தான் நின்றார். புதிய வழித்தடம் திங்கட்கிழமைதான் தொடங்குகிறது.