பட்டாளத்தின் கோட்டு

இடது கை உள்ளே போய்விட்டது. வலது கைதான் முழங்கையில் மடங்கி, கோட்டின் கைக்குள் பாதி வழியில் சிக்கிக்கொண்டு நின்றது.

“இழுக்காதீங்க அண்ணி. விரல் லைனிங்ல மாட்டியிருக்கும். நான் இந்தப் பக்கமா கைய விட்டு வாங்கறேன்” என்றான் நெட்டை. குளிர்கிடங்கில் அவள் புருஷனோடு ஒன்றாகப் பெட்டி தூக்கியவன். கோட்டின் கை நுனி வழியாகத் தன் கையை நுழைத்து, உள்ளே கிடந்த விரல்களைத் தேடிப் பிடித்து, கைகுலுக்குகிறவன் போல மெல்ல வெளியே கொண்டுவந்தான்.

“சீக்கிரம் முடிங்கம்மா” என்றாள் நர்ஸ். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் கட்டிலுக்கு அடுத்த ஆள் வந்து வராந்தாவில் காத்திருந்தார்.

அவள் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டாள். கோட்டு பெரியதாக இருந்தது. மூன்று மாதக் காய்ச்சலும் சளியும் ஆளைத் தின்றிருந்தன. காலர் ரோமத்துக்குள் அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம் போலக் கிடந்தது.

காலையில் அவர்தான் கேட்டார். “குளிருது. கோட்டை எடுத்துட்டு வாடி.”

“எந்தக் கோட்டு?”

அதற்குள் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள். சுவரில் வரிசையாக நாலு கோட்டு தொங்கின. உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த பச்சைக் கோட்டு ஒன்று. மாலுமிகள் போடுகிற மாதிரி கனத்த நீலம் ஒன்று. காக்கி ஒன்று. கடைசியாக வாங்கிய, காலரில் ரோமம் வைத்த விமானக் கோட்டு ஒன்று. எதைக் கேட்டார்? ஒவ்வொன்றாக எடுத்தாள், மாட்டினாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் விமானக் கோட்டை எடுத்து, நசுங்கியிருந்த ரோமத்தைத் தன் சீப்பால் வாரி நிமிர்த்தினாள். அந்தச் சீப்பு வேலையில் ஒரு பஸ் போய்விட்டது. கையில் கோட்டோடு அவள் வார்டுக்குள் நுழைந்தபோது நெட்டை வாசலில் நின்றிருந்தான். அவன் கோட்டைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததுதான் அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்தக் கோட்டுகளால் தெருவில் அவருக்குப் பெயர் பட்டாளம். ராணுவத்தின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. கொசுவை ஒரே அடியில் கொன்றதில்லை. உறைந்த மீன் பெட்டிகளை ஃப்ரீசருக்குள் அடுக்குவது, எடுப்பது, அவ்வளவுதான் உத்தியோகம். கம்பெனி கொடுத்த கோட்டு பொதுக்கோட்டு. ஒருத்தன் கழற்றியதும் அடுத்தவன் மாட்ட வேண்டும். முந்தினவன் வேர்வை உள்ளே ஈரமாக இருக்கும். உள்ளே போனதும் அந்த ஈரம் முதுகில் ஐஸாகும். அதனால்தான் ஒருநாள் வந்து சொன்னார்: “எனக்குன்னு ஒரு ஜாக்கெட் எடுக்கணும்.”

“நல்லா எடுங்க. வீட்டுல நான் ஒருத்தி ஜாக்கெட் போடறது பத்தாதா, நீங்க வேற போடப் போறீங்களா” என்று அவள் சிரித்தாள். அன்றிலிருந்து அவர் அதைக் கோட்டு என்றே சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை இருந்தது. பழைய போர்களில் சிப்பாய்கள் போட்ட கோட்டுகளைப் பார்த்து அதே வெட்டில், அதே பட்டையில், அதே பித்தளைப் பொத்தானில் தைத்து விற்பார்கள். அசல் வாங்க வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும் என்பான் கடைக்காரன். நகல் கைக்கு எட்டும். அதுவும் எட்டாத மாதங்களில் பட்டாளம் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சும்மா மாட்டிப் பார்த்துவிட்டு வருவார். “இன்னும் நாலு வாட்டி போட்டுக் கழட்டினீங்கன்னா இது நெஜமாவே பழைய கோட்டு ஆயிடும். அப்புறம் அசல் விலைதான் சொல்வேன்” என்று கடைக்காரன் கிண்டல் பண்ணுவானாம். அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

“நகலுக்கு இவ்வளவு காசா?” என்று அவள் கேட்டதற்கு, “குளிருக்கு அசல் நகல் தெரியுமாடி? மேகத்துக்கு மேல பறந்தவனுக்குத் தெச்ச கோட்டு. என் கிடங்குக்குத் தாங்காதா?” என்றார். நன்றாகத் தாங்குகிறது என்று எல்லோரிடமும் சொன்னார். அவளும் நம்பினாள். அவர் வேலைக்குக் கிளம்பும்போது ஜிப்பை அவள்தான் ஏற்றிவிடுவாள். இனிமேல் கவலையில்லை என்று கதவைச் சாத்திக்கொள்வாள்.

மகளிடம் நெட்டைதான் போனில் சொன்னான். பிறகு போன் அவள் கைக்கு வந்தது. வெகுதூரத்தில், வேலை பார்க்கிற ஊரில், மகள் அழுதாள். “நாளைக்கு வந்துடுவேன்மா. அப்பா மூஞ்சியப் பாக்கணும். அதுவரைக்கும் வெச்சிருங்கம்மா.”

“வெச்சிருக்கேன். நீ பதறாம வா.”

எங்கே வைப்பது என்பது போனைப் பைக்குள் போட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பல குடித்தனங்களுக்கு ஒரே வாசலான வீட்டில், இந்த வெயிலில், ஒரு ராத்திரி தாங்காது. ஆனால் வைத்திருப்பதாக அவள் வாயால்தான் சொல்லியிருக்கிறாள்.

பிணவறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம் தனிக் கட்டடம். தள்ளுவண்டியைப் பார்த்ததும் ஊழியர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர்.

“துணிமணி, நகை எதுவும் உள்ள போகக்கூடாதும்மா. எல்லாத்தையும் கழட்டி, துணி சுத்தித்தான் வெப்போம்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.” பேசிக்கொண்டே போர்வையை விலக்கியவர் கோட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார். “ராணுவத்துல இருந்தவரா? அவங்கன்னா விஷயம் வேற. உடுப்போட வெக்கலாம்னு உத்தரவு இருக்கு.”

நெட்டை வாயைத் திறந்தான். அதற்குள் அவள், “ஆமாங்க” என்றாள்.

“எந்தப் படைம்மா?”

“விமானம்.”

“அங்க என்ன வேலை?”

“பெட்டி தூக்கறது.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. நெட்டை முந்திக்கொண்டு, “அதாவது விமானத்துல பெட்டி ஏத்தறது சார். சாமான் செட்டெல்லாம் ஏத்தணும்ல?” என்றான். அவன் நெற்றி வேர்த்திருந்தது.

ஊழியர் குனிந்து, தூங்குகிறவரை எழுப்பிவிடாதபடி, பின்கழுத்துக் காலரை ஒரு விரலால் மடக்கி உள்ளே இருந்த துணிச்சீட்டைப் பார்த்தார்.

“பஸ் ஸ்டாண்டு பின்னாடி கடை” என்றார்.

அவள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கதவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். ஆணியில் அதே கோட்டு தொங்கியது. அதே நிறம், அதே ரோமம்.

“நானும் அங்கதாம்மா எடுத்தேன். உங்களுக்கு எவ்வளவுக்குக் குடுத்தான்?”

அவள் சொன்னாள்.

“அட பாவி. எங்கிட்ட அதிகமா வாங்கிட்டானே” என்றார் ஊழியர். நெட்டைக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக்கி விழுங்கினான்.

“அவரு எங்க வேலை பாத்தாரு, நெஜமா?”

“குளிர்கிடங்குல. ஃப்ரீசர்ல.”

ஊழியர் படுத்திருந்தவரை மறுபடி ஒருமுறை பார்த்தார். “இத்தப் போட்டுக்கிட்டா? இது துணி இல்லம்மா, பிளாஸ்டிக்கு. ரோமமும் அதான். பாக்கத்தான் கனம். உள்ள போன கொஞ்ச நேரத்துல எலும்புல ஏறும் பாருங்க குளிரு. நான் அடியில ரெண்டு சட்டை போடறேன். அப்பவும் நடுங்கும். அவரு சொல்லலையா?”

அவள் நெட்டையைப் பார்த்தாள். நெட்டை தள்ளுவண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்லா இருக்குன்னுதான் சொன்னாரு” என்றாள்.

உள்ளே எங்கோ மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

“கழட்டாம விட முடியாதாங்க? இருந்துட்டுப் போகட்டுமே. நாளைக்குப் பொண்ணு வந்துடுவா.”

“என் கையில இருந்தா விடமாட்டேனாம்மா? சாயங்காலம் டாக்டரு வந்து ஒவ்வொண்ணாத் தெறந்து பாப்பாரு. எனக்கு ரெண்டு பிள்ளைங்க படிக்குது.”

அவள் தலையை ஆட்டினாள். அவர் ஜிப்பை இறக்கினார். “தம்பி, தோளைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க” என்றார். நெட்டை தூக்கினான். அவ்வளவு பாடுபட்டு உள்ளே போன வலது கை இப்போது சுலபமாக வெளியே வந்தது. ஊழியர் கோட்டை உதறி, கைகளை உள்பக்கம் மடித்து, சலவைக்காரர் கொடுப்பதுபோல அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். இன்னும் லேசாகச் சூடு இருந்தது. அது வெயிலில் வந்த சூடு.

“நீங்க வெளியில நிழல்ல உக்காருங்கம்மா.”

அவள் நகரவில்லை. ஊழியர் வெள்ளைத் துணியைச் சுற்றி முடிச்சிட்டார். ஆணியிலிருந்து தன் கோட்டை எடுத்து மாட்டினார். ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வண்டியின் பிடியைப் பற்றித் தள்ளினார். பின்னாலிருந்து பார்க்கையில் கோட்டு மட்டும்தான் தெரிந்தது.

வண்டி தள்ளுகிறவனுக்குக் கூட இருக்கிறவன் கதவைப் பிடிக்க வேண்டும். அது கிடங்கு வழக்கம். யாரும் சொல்லாமலே நெட்டை முன்னால் போய் அந்தக் கனத்த கதவை இழுத்துத் திறந்து பிடித்துக்கொண்டான். சக்கரங்கள் வாசற்படியில் ஒரு குலுங்கு குலுங்கி உள்ளே இறங்கின. கோட்டு உள்ளே போனது.

கதவின் அடியிலிருந்து வெள்ளைப் புகை போலக் குளிர் தரையோடு தவழ்ந்து வந்து அவள் கால் விரல்களைத் தொட்டது. அவள் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.