உரித்த கோழி

ஆற்றங்கரையில், விடுமுறைக்கு ஜனங்கள் வண்டிவீட்டோடு வந்து தங்கும் எங்கள் காரவான் பூங்காவுக்கு இணையப் பக்கம் எழுத, எங்கள் ஊர்ப் பையன் நிக்கோஸ் கேட்ட தொகையைக் கேட்டதும், என் வீட்டுக்காரர் டெஸ் வாயிலிருந்த பியரைத் துப்பிவிட்டார். அதில் கால்வாசிக்கு, படமெல்லாம் நகர்ந்து ஓடுகிற மாதிரி செய்து தருவதாக அவருடைய தங்கை மகன் சொல்லியிருந்தான்.

"விதிப்படி எழுதணும்னா நாளாகும், பெவ்," என்றான் நிக்கோஸ். "தலைப்பைத் தலைப்பா, பட்டனைப் பட்டனா எழுதணும், படமா ஒட்டிடக் கூடாது. அப்பதான் எந்த ஓட்டை போன்லயும் படிக்க முடியும்."

வேலை முடிந்ததும் எங்களை உட்காரவைத்து, நிறம், படம், அலங்காரம் எல்லாவற்றையும் நிறுத்திக் காட்டினான். வெள்ளைத் திரையில் வெறும் கறுப்பு எழுத்து. "இப்பவும் எல்லாம் புரியுதில்ல?" என்று பெருமையாகக் கேட்டான்.

டெஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உரிச்ச கோழிக்கா இவ்வளவு காசு?"

எனக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு வீம்பு ஏறிவிடும். முழுப் பணத்தையும் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் எதை வாங்கினாலும் "உரிச்ச கோழி" என்பார் மனுஷன்.

மார்ச்சில் ஆறு பொங்கியது. நான் நகரத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். டெஸ் பூங்காவில், விடுமுறைக்கு வந்த குடும்பங்களோடு. பாலத்து ரோடு மூழ்கிவிட்டதென்றும், மேட்டிலுள்ள மெக்கின்னன் பண்ணையின் கேட்டைத் திறந்துவிட்டிருப்பதாகவும் ரேடியோ சொன்னது. வெள்ளம் என்றால் டெஸ் கண்ணை மூடிக்கொண்டு அந்த ரோட்டைத்தான் பிடிப்பார். போன் அடித்து அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. தங்கியிருந்தவர்களின் எண்களும் என்னிடம் இல்லை.

பூங்காவின் இணையப் பக்கத்தில் முதல் வரியாக எழுதிப் போட்டேன்: "பாலம் மூழ்கிவிட்டது. போகாதீர்கள். மெக்கின்னன் பண்ணை வழியாக மேட்டுக்கு வாருங்கள். கேட் திறந்திருக்கிறது." யாராவது ஒரு புண்ணியவான் பார்க்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

இருட்டும் நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"பெவ், நான்தான். எல்லாரும் மேட்டுக்கு வந்துட்டோம்."

நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"படகைக் கட்டப்போனேன், போன் ஆத்தோட போயிடுச்சு. வண்டியெல்லாம் பாலத்துப் பக்கம் கிளம்பிடுச்சு. ஒரு பொண்ணு தன்னோட பழைய போன்ல நம்ம பக்கத்தைத் திறந்தா. சிக்னலே இல்லாத மாதிரிதான். படம் வரல, கலர் வரல, வெறும் எழுத்து. நீ எழுதினதைப் படிச்சதும் வண்டியையெல்லாம் திருப்பிட்டோம்... உரிச்ச கோழி, பெவ்."

தண்ணீர் வடிந்ததும் டெஸ் என்னையும் கூட்டிக்கொண்டு, ஒரு முழு வறுத்த கோழியோடு நிக்கோஸ் வீட்டுக்குப் போய் அவனைக் கட்டிக்கொண்டார். பிள்ளைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"படம் வராமப் போச்சாமே," என்றான். "இன்னும் லேசாக்கி, அதையும் வரவச்சிடறேன்."

"நல்லா பண்ணு, ராசா," என்றார் டெஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எத்தனை நாள் வேணுமோ எடுத்துக்க. காசைப் பத்தி இவகிட்ட பேசாத, என்கிட்ட கேளு."